பழுப்பேறிய ரேடியேட்டர்

பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்றை விலைக்குப் பார்க்கப் போகிறவர் விவரம் தெரிந்தவராக இருந்தால், பானெட்டைத் திறந்ததும் முதலில் ரேடியேட்டரின் மேல்தொட்டியைப் பார்ப்பார். காரின் மூக்கை ஒட்டிக் குறுக்காகக் கிடக்கும் நீளமான பிளாஸ்டிக் தொட்டி அது. ஆலையிலிருந்து வரும்போது நல்ல கறுப்பாக இருக்கும். வருடங்கள் போகப் போகச் சாம்பல் பூத்து, பிறகு பச்சை கலந்த பழுப்பாகிவிடும். அந்தப் பழுப்பைக் கண்டால், இன்னும் ஒரு சொட்டுகூட ஒழுகாவிட்டாலும், புது ரேடியேட்டருக்கு ஆகும் தொகையைக் கழித்துக்கொண்டுதான் விலை பேச வேண்டும். தொட்டிக்குள் நடந்து முடிந்த ஒரு வேதிவினையின் வெளி அடையாளம் அந்த நிறம்.

1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் இந்தக் காரை மாஸ்டா அறிமுகம் செய்தது. தோஷிஹிகோ ஹிராய் என்ற பொறியாளர் தலைமையில் உருவாகி, ஹிரோஷிமாவில் தயாரானது. இரண்டே இருக்கைகள், மடக்கி வைக்கும் துணிக் கூரை, பொத்தானைத் தட்டினால் மேலெழும் முகப்பு விளக்குகள். 1997 வரை வந்த முதல் தலைமுறையில் மட்டும் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் விற்றன. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஜப்பானிலும் அவை இன்றும் ஏராளமாக ஓடுகின்றன. எஞ்சின் சுலபத்தில் சாகாது. அதை அப்படிச் சாகாமல் வைத்திருக்கும் ரேடியேட்டர்தான் முதலில் போகிறது. அது போனதைக் கவனிக்காமல் ஓட்டினால் பின்னாலேயே எஞ்சினும் போகிறது. விஷயம் இவ்வளவுதான். ஆனால் அதன் ஒவ்வொரு படியிலும் நல்ல இயற்பியலும் வேதியியலும் இருக்கின்றன.

பெட்ரோல் எரிந்து வெளிவரும் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்றும் வேலையாகிறது. இன்னொரு பங்கு புகைக்குழாய் வழியே போய்விடும். மீதியில் பெரும்பகுதியைக் கூலன்ட் என்ற குளிர்விக்கும் திரவம் சுமந்து வெளியேற்ற வேண்டும். எம்எக்ஸ்-5-இன் 1.6 லிட்டர் எஞ்சினுக்கு மொத்தக் கூலன்ட் சுமார் 6 லிட்டர். விநாடிக்கு ஒரு லிட்டர் சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால், 30 கிலோவாட் வெப்பத்தைக் கழிக்க அந்தக் கூலன்ட் ரேடியேட்டருக்குள் 8 டிகிரி அளவுக்குக் குளிர்ந்தால் போதும். எட்டு டிகிரி என்பது சின்ன எண்ணாகத் தெரியலாம். அதைச் சாதிக்க எவ்வளவு உலோகப் பரப்பு காற்றில் பட வேண்டும் என்பதுதான் கேள்வி. 1900-இல் வில்ஹெல்ம் மைபாக் முதல் மெர்சிடிஸ் காருக்காக வடிவமைத்த தேன்கூட்டு ரேடியேட்டரில் 6 மில்லிமீட்டர் சதுரக் குழாய்கள் 8,070 இருந்தன. இன்றைய ரேடியேட்டரில் தட்டையான அலுமினியக் குழாய்களும் அவற்றுக்கிடையே மடித்து வைத்த மெல்லிய தகடுகளும் அந்த வேலையைச் செய்கின்றன. அந்தத் தகடுகளில் நுண்ணிய கீற்றுகள் வெட்டப்பட்டிருக்கும். தகட்டை ஒட்டிக்கொண்டு நகராமல் நிற்கும் சூடான காற்றுப் படலத்தை ஒவ்வொரு கீற்றும் உடைத்து, புதுக் காற்று உலோகத்தைத் தொட வழி செய்கிறது.

இனி அழுத்தம். ரேடியேட்டர் மூடி வெறும் மூடி அல்ல, அது ஒரு வால்வு. எம்எக்ஸ்-5-இல் அது வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் 0.9 பார் வரை உள்ளே அழுத்தம் ஏற விடும். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி அளவில்தான் கொதிக்கும். பாதிக்குப் பாதி எத்திலீன் கிளைக்கால் கலந்திருந்தால் கொதிநிலை 125 டிகிரியையும் தாண்டும். எஞ்சினுக்குள் நீராவிக் குமிழ் பிறக்காமல் இருப்பதற்கு இந்த இடைவெளிதான் காவல். குமிழ் பிறந்த இடத்தில் உலோகத்திலிருந்து வெப்பம் சரியாக இறங்காது.

ஆனால் அதே அழுத்தம் தொட்டியையும் தள்ளுகிறது. தொட்டியின் அடிப்பரப்பு 60 சென்டிமீட்டர் நீளம், 5 சென்டிமீட்டர் அகலம் என்று கணக்கிட்டால், அதைப் பெயர்த்தெடுக்கப் பார்க்கும் விசை ஏறக்குறைய 270 கிலோ எடைக்குச் சமம். ஒவ்வொரு முறை எஞ்சின் சூடாகும்போதும் இந்த விசை ஏறும், ஆறும்போது இறங்கும். இப்படி வருடக்கணக்கில் அதைத் தாங்கி நிற்பது எது? கண்ணாடி இழை கலந்த நைலான்.

டூபாண்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸின் குழு 1935-இல் உருவாக்கிய நைலான் 66-தான் பெரும்பாலான ரேடியேட்டர் தொட்டிகளின் அடிப்படைப் பொருள். இரண்டு வகை மூலக்கூறுகளை மாற்றி மாற்றிக் கோத்து அதைச் செய்கிறார்கள். ஒவ்வொரு கோப்பிலும் ஒரு நீர் மூலக்கூறு வெளியேறும், நீர் போகப் போகச் சங்கிலி நீளும். வேதியியலில் பல வினைகள் இருவழிப் பாதை. சூடான நீரை அந்தச் சங்கிலியோடு வருடக்கணக்கில் சேர்த்து வைத்தால், வெளியேறிய நீர் மூலக்கூறு திரும்ப உள்ளே புகுந்து கோப்புகளை ஒவ்வொன்றாக வெட்டத் தொடங்கும். நீராற்பகுப்பு என்று பள்ளியில் படித்தோமே, அதுதான் இது. வெப்பம் கூடக் கூட வேகமும் கூடும். தொட்டியின் உட்புறம் இப்படிக் கரைகிறது என்றால், வெளிப்புறத்தில் பானெட்டுக்குக் கீழே தேங்கிய சூடும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து மேற்பரப்பை அரிக்கின்றன. அங்கே உண்டாகும் சிதைவுப் பொருள்கள்தான் அந்தப் பழுப்பு. நீண்ட சங்கிலிகள் துண்டு துண்டான பிறகு நைலானுக்கு வளைந்து கொடுக்கும் குணம் போய்விடும். விரலால் அழுத்தினால் லேசாக நெகிழ வேண்டிய தொட்டி பீங்கான்போல விறைத்து நிற்கும்.

தொட்டியும், குழாய்களும் தகடுகளும் அடங்கிய அலுமினியக் கூடும் சேரும் இடம் இன்னொரு பலவீனம். கூட்டின் விளிம்பிலுள்ள அலுமினியப் பற்களைத் தொட்டியின் உதட்டின் மேல் மடித்து இறுக்கியிருப்பார்கள். நடுவில் ஒரு ரப்பர் வளையம். நைலானும் அலுமினியமும் சூட்டில் ஒரே அளவு விரிவதில்லை, ஆகவே ஒவ்வொரு ஓட்டத்திலும் அந்தத் தையலில் நுண்ணிய உரசல் நடக்கிறது. ரப்பர் வயதாகி இறுகிவிட்டால் விட்ட இடைவெளியை அதனால் நிரப்ப முடியாது. சில கார்கள் குளிர்ந்த காலையில் மட்டும் ஒழுகி, எஞ்சின் சூடேறியதும் நின்றுவிடுவதற்கு இதுதான் காரணம். சூட்டில் எல்லாம் விரிந்து தையல் மீண்டும் இறுகிக்கொள்கிறது. ‘ஓட்டிப் பார்த்தேன், ஒழுகவில்லை’ என்று இந்தக் காரின் விஷயத்தில் முடிவுக்கு வந்துவிடக் கூடாது.

ஒழுகலைக் கண்டுபிடிப்பதில் பெரும்பாலோர் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தக் காரில் ரேடியேட்டருக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் குடுவை உண்டு. கூலன்ட் சூடாகி விரியும்போது மூடியின் வால்வு திறந்து, கூடுதல் திரவம் ஒரு சிறு குழாய் வழியே குடுவைக்குப் போகும். எஞ்சின் ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகும். அப்போது மூடியிலுள்ள இரண்டாவது சிறு வால்வு திறந்து, போன திரவம் திரும்ப உறிஞ்சப்படும். எல்லாம் சரியாக இருக்கும்வரை குடுவையின் மட்டம்தான் ரேடியேட்டரின் மட்டத்துக்குச் சாட்சி. தொட்டியில் மயிரிழை அளவு ஒரு விரிசல் விழுந்துவிட்டால் கதை மாறிவிடும். ஆறும்போது வெற்றிடம் இழுக்கிறது. திரவத்தைக் குழாய் வழியே மேலே இழுப்பதைவிட விரிசல் வழியே காற்றை இழுப்பது எளிது. ஆகவே காற்று உள்ளே போகிறது, குடுவைத் திரவம் குடுவையிலேயே நிற்கிறது. உரிமையாளர் தினமும் குடுவையைப் பார்த்து, மட்டம் இறங்கவில்லை என்று நிம்மதியாக ஓட்டுவார். ரேடியேட்டரோ ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் காலியாகிக்கொண்டிருக்கும்.

அதனால் சந்தேகம் வந்தால் எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு மூடியையே திறந்து பார்க்க வேண்டும். கழுத்துவரை திரவம் நிற்க வேண்டும்.

‘முழுக்க ஆறிய பிறகு’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். உள்ளே 110 டிகிரியில் தண்ணீர் அழுத்தத்தோடு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூடியைத் திருகியதும் அழுத்தம் விடுபடும், தண்ணீர் அந்தக் கணமே 100 டிகிரிக்கு இறங்கியாக வேண்டும். மிஞ்சிய பத்து டிகிரி வெப்பம் ஒரு லிட்டருக்கு 42 கிலோஜூல். அது 18 கிராம் தண்ணீரை ஆவியாக்கும். பதினெட்டு கிராம்தானே என்று நினைக்கக் கூடாது, ஆவியானதும் அதன் கன அளவு 30 லிட்டர். அந்த முப்பது லிட்டரும் மீதித் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு, மூடியைப் பிடித்த கையையும் குனிந்த முகத்தையும் நோக்கித்தான் வரும்.

ஒழுகல் எங்கே என்று தேட நல்ல கருவி ஒன்று இருக்கிறது. மூடி இருக்கும் இடத்தில் பொருந்தும் சிறு கைப்பம்பு, அதில் ஒரு அழுத்தமானி. குளிர்ந்த எஞ்சினில் அதைப் பொருத்தி, மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம் வரை அடிக்க வேண்டும். அதற்கு மேல் அடித்தால் நல்ல தொட்டியும் விரிசல் விடலாம். பிறகு முள்ளைப் பார்த்தபடி காத்திருக்க வேண்டும். முள் அசையாமல் நின்றால் நல்லது. மெல்ல இறங்கினால் கையில் டார்ச்சை எடுத்துக்கொண்டு தேட வேண்டும். பழுப்பேறிய தொட்டியில் விரிசல் பெரும்பாலும் மேல் ஹோஸ் நுழையும் கழுத்தின் அடியிலோ, மடித்த பற்களுக்குச் சற்று மேலேயோ இருக்கும். முதலில் ஒரு ஈரக்கோடு தெரியும். துடைத்தால் மறைந்து, சில நொடிகளில் அதே இடத்தில் வரிசையாக நுண்மணிகள் துளிர்க்கும். அவை சேர்ந்து ஒரு சொட்டாகி, தையலின் ஓரமாக ஓடி, மூலையில் கீழே விழும். தரையில் சொட்டு விழுந்த இடத்துக்கும் விரிசலுக்கும் ஒரு முழம் தூரம் இருக்கலாம். பழைய ஒழுகல் என்றால் காய்ந்துபோன பச்சையோ வெள்ளையோ ஆன படிவு வழிகாட்டும். எத்திலீன் கிளைக்காலின் இனிப்பு வாடையும் காட்டிக்கொடுக்கும்.

ரேடியேட்டர்தான் குற்றவாளி என்று முதலிலேயே தீர்மானித்துவிடக் கூடாது. ஹோஸ் முனைகள், வாட்டர் பம்பின் அடியிலுள்ள கசிவுத் துளை, எஞ்சினின் பின்பக்கம் சிலிண்டர் ஹெட்டில் அடைத்திருக்கும் ரப்பர் அடைப்பான் எல்லாம் இந்த வயதில் ஒழுகக்கூடியவை. காருக்குள் கால் வைக்கும் இடத்தில் தரைவிரிப்பு நனைந்து, முன்கண்ணாடி உள்ளே எண்ணெய்ப் பசையோடு பனித்தால் ஹீட்டர் ஒழுகுகிறது. வெளியே எங்குமே ஈரமில்லை, ஆனால் மட்டம் மட்டும் இறங்குகிறது என்றால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். அதைச் சோதிக்க, ரேடியேட்டர் கழுத்திலிருந்து வரும் காற்றை ஒரு நீலச் சாயத்தின் வழியே குமிழவிட்டுப் பார்ப்பார்கள். எரிந்த வாயுவிலுள்ள கார்பன் டைஆக்சைடு அதில் கரைந்தால் நீலம் மஞ்சளாகும்.

இந்த எஞ்சினுக்குக் கூலன்ட் குறைவது கூடவே கூடாது என்பதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. மாஸ்டா 323 போன்ற முன்சக்கர இயக்கக் கார்களில் குறுக்காகப் பொருத்திய எஞ்சின் குடும்பம்தான் இது. அங்கே கூலன்ட் ஒரு முனையில் நுழைந்து, எல்லாச் சிலிண்டர்களையும் கடந்து மறுமுனையில் வெளியேறும். எம்எக்ஸ்-5-இல் எஞ்சினை நீளவாக்கில் திருப்பி வைத்தபோது, அந்த மறுமுனை காரின் தடுப்புச் சுவரோடு ஒட்டிப்போயிற்று. அதனால் வெளியேறும் வழியை முன்பக்கத்துக்கே மாற்றினார்கள். இப்போது நுழைவும் முன்னால், வெளியேற்றமும் முன்னால். பின்கோடியிலுள்ள நான்காவது சிலிண்டருக்குப் போகும் ஓட்டம் மற்றவற்றைவிடக் குறைவு. மட்டம் இறங்கி ஹெட்டில் காற்று தங்கினால் முதலில் அடிபடுவது அந்த மூலை. கீழே உள்ள பிளாக் வார்ப்பிரும்பு, மேலே உள்ள ஹெட் அலுமினியம். 40 சென்டிமீட்டர் நீள அலுமினியம் 100 டிகிரி ஏறினால் 0.9 மில்லிமீட்டர் நீளும், அதே நீள இரும்பு அதில் ஏறத்தாழப் பாதிதான் நீளும். போல்ட்டுகளால் இறுகக் கட்டிய இந்த இரண்டும் அளவு மீறிச் சூடானால் ஹெட் வளைந்துவிடும். வெப்பமானியை நம்பி ஓட்டுவதும் ஆபத்து. அதன் உணரி திரவத்தில் மூழ்கியிருந்தால்தான் உண்மை சொல்லும். திரவம் இறங்கி உணரி வெறும் ஆவியில் நின்றால், எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதும் முள் அமைதியாக இருக்கலாம்.

ஒழுகலை அடைக்கும் திரவங்கள் கடைகளில் கிடைக்கின்றன. ரேடியேட்டரில் ஊற்றினால் விரிசலைத் தேடிப் போய் இறுகிக்கொள்ளும் என்பார்கள். நடுவழியில் வீடு வந்து சேர வேறு வழியில்லை என்றால் சரி. மற்றபடி வேண்டாம் என்பதுதான் என் தீர்ப்பு. விரிசலை அடைக்கும் துகளுக்கு ஹீட்டரின் மெல்லிய குழாய் எது, விரிசல் எது என்று தெரியாது. சிதைந்துபோன நைலானுக்கு அது வலுவும் தராது, இன்று அடைத்த கோட்டுக்குப் பக்கத்தில் அடுத்த மாதம் இன்னொரு கோடு விழும். பழைய பித்தளை ரேடியேட்டர்களில் ஈயம் பற்றவைத்து ஒழுகலைத் தீர்க்க முடிந்தது. நைலான் தொட்டிக்கு அந்த வாய்ப்பு இல்லை, முழு ரேடியேட்டரையும் மாற்றத்தான் வேண்டும்.

மாற்றும் வேலை இந்தக் காரில் கடினமானதல்ல. கார் ஆறியதும் மூடியைத் திறந்து, அடியிலுள்ள காற்றுத் தடுப்புத் தட்டைக் கழற்றி, வடிகால் திருகைத் தளர்த்திக் கூலன்ட்டை ஒரு பாத்திரத்தில் பிடிக்க வேண்டும். ஹோஸ்கள் பழையவை என்றால் முறுக்கி இழுத்துப் போராடாமல் கத்தியால் நீளவாக்கில் கீறி எடுத்துவிடலாம், எப்படியும் புதிது போடப் போகிறோம். ஃபேன்களின் மின் இணைப்புகளைப் பிரித்து, மேலே பிடித்திருக்கும் தாங்கிகளைக் கழற்றினால் ரேடியேட்டர் ஃபேன்களோடு மேலே வந்துவிடும். ஆட்டோமேட்டிக் கியர் கார் என்றால் கியர் எண்ணெய்க் குழாய்கள் இரண்டு கூடுதலாக இருக்கும். கீழே உட்காரும் ரப்பர் தாங்கிகள் இடம் மாறாமல் இருக்கின்றனவா என்று பார்த்துப் புதியதை இறக்க வேண்டும். மூடியையும் தெர்மோஸ்டாட்டையும் அதோடு மாற்றிவிடுவது நல்லது. தெர்மோஸ்டாட்டில் தொங்கும் சிறு ஊசி மேலே பார்த்திருக்க வேண்டும், சிக்கிய காற்று அதன் வழியேதான் தப்பிக்கும்.

புதியதைப் பிளாஸ்டிக் தொட்டியோடு வாங்குவதா, முழு அலுமினியத்தில் வாங்குவதா என்று கேட்பார்கள். சாதாரணச் சாலை ஓட்டத்துக்குத் தரமான பிளாஸ்டிக் தொட்டி போதும், இன்னும் பல வருடம் வரும். பந்தயத் தடத்தில் ஓட்டுபவர்கள் முழு அலுமினியத்துக்குப் போகலாம். தடிமன் கூடினால் குளிர்ச்சியும் அதே அளவு கூடும் என்ற நம்பிக்கை மட்டும் தவறு. உள்ளே ஓடும் திரவம் வெப்பத்தைக் கொடுக்கத் தயாராகத்தான் இருக்கிறது, வாங்கிக்கொள்ள வேண்டிய காற்றுதான் தடை. தடித்த கூட்டின் பின்வரிசைக்கு வந்து சேரும்போது காற்று ஏற்கெனவே சூடாகியிருக்கும். கழற்றிய அடித்தட்டைத் திரும்ப மாட்டாமல் விட்டுவிடுவது அதைவிடப் பெரிய தவறு. காரின் வாய்க்குள் நுழைந்த காற்று ரேடியேட்டருக்குள் புகாமல் கீழே நழுவிப் போகாதபடி தடுப்பது அந்தத் தட்டுதான். நெரிசலில் சூடேறினால் ஃபேனைப் பாருங்கள், நெடுஞ்சாலை வேகத்தில் சூடேறினால் தட்டையும் ரேடியேட்டர் அடைப்பையும் பாருங்கள்.

நிரப்பும்போது குழாய்த் தண்ணீர் ஆகாது. அதிலுள்ள சுண்ணாம்பு குழாய்க்குள் படியும், குளோரைடு அலுமினியத்தைத் துளைக்கும். காய்ச்சி வடித்த நீரும் நீர் கலக்காத கூலன்ட்டும் சரிபாதி. கூலன்ட்டின் நிறத்தை மட்டும் பார்த்து ஒன்றோடொன்று கலக்க வேண்டாம். நிறம் நிறுவனத்தின் விருப்பம், உள்ளே இருக்கும் அரிப்புத் தடுப்பான்கள் வெவ்வேறு. காரின் மூக்கைச் சற்று உயர்த்தி நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மூடியில்லாமல் எஞ்சினை ஓடவிட்டால் சிக்கிய காற்று குமிழ் குமிழாகக் கழுத்து வழியே வெளியேறும். குமிழ் வரும்போதெல்லாம் மட்டம் இறங்கும், மேலே ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஹீட்டரில் நல்ல சூடான காற்று வந்து, ஃபேன் தானாக ஓடி நின்று, குமிழ் அடங்கினால் மூடியைப் பூட்டலாம். முதல் சில ஓட்டங்களுக்குப் பிறகு, ஆறியதும் மீண்டும் திறந்து மட்டம் பாருங்கள்.

பாத்திரத்தில் பிடித்த பழைய கூலன்ட்டை வாசலில் வைத்துவிட்டுப் போகாதீர்கள், சாக்கடையிலும் ஊற்றாதீர்கள். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், நாயும் பூனையும் நக்கிவிடும். உடலுக்குள் அது ஆக்சாலிக் அமிலமாக மாறி, கால்சியத்தோடு சேர்ந்து படிகமாகிச் சிறுநீரகத்தை அடைத்துவிடும். ஒரு பூனையைக் கொல்ல இரண்டொரு தேக்கரண்டி போதும். இறுக மூடும் கேனில் ஊற்றி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்து, பழைய எண்ணெயும் கூலன்ட்டும் வாங்கிக்கொள்ளும் இடத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள்.